காரைப் பதித்த கதை

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதி வருகிறேன். தேர்தல், யுத்தம், சமாதானப் பேச்சுவார்த்தை, விலைவாசி என்று நான் எழுதாத விடயங்கள் குறைவு. ஆனால் மோட்டார் காரின் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவேன் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. கலைப்பட்டதாரியான எனக்கு ரயர் மாற்றுவதற்கே இன்னொருவரின் உதவி வேண்டும். அப்படியிருந்தும் இன்று அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். காரணம், கொக்குவிலில் இருக்கும் என் தங்கையின் மகன்.

மருமகனுக்கு வயது இருபத்தேழு. தனியார் நிறுவனமொன்றில் வேலை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்த நாட்டில் பழைய கார்கள் என்ன விலைக்கு விற்றன என்பதை வாசகர்கள் அறிவீர்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதிய கார் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு அப்போதும் எட்டாத கனியாகவே இருந்தது. இந்த இடைக்காலத்தில், 2023 இல், தன் சேமிப்போடு தாயின் காப்பை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து அவன் ஒரு டொயோட்டா கொரோலா 110 வாங்கினான். அவன் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட கார். ஆனாலும் அதைத் துடைப்பதிலும் மினுக்குவதிலும் அவனுக்கு இருந்த ஆசை, புதிய கார் வைத்திருப்பவர்களிடம்கூட நான் கண்டதில்லை.

2024 மார்கழியில் ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, பின் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில நாலு விரல் போகுது. பார்க்க அசிங்கமாக் கிடக்கு. ஒரு விரலுக்குக் கொண்டுவரப் போறன்."

காரைத் தரையோடு பதித்து ஓடுவது இன்றைய இளைஞர்களிடையே ஒரு பெரும் மோகம். அதற்கென்றே செய்யப்பட்ட குட்டை ஸ்பிரிங்குகள் விற்பனைக்கு உண்டு. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷொக் அப்சோபர் தொகுதிகளும் உண்டு. அவற்றின் விலையோ இவனுடைய சில மாதச் சம்பளம். எனவே நண்பன் ஒருவன் இலகுவான வழியொன்று சொல்லியிருக்கிறான். டிக்கியில் இரண்டு பேரை இருத்திவிட்டு, காஸ் சுவாலையால் ஸ்பிரிங்கைச் சிவக்கக் காய்ச்சினால் அது தானாகவே பதிந்துவிடுமாம். அரை மணித்தியால வேலை. காசே தேவையில்லை.

"தைப்பொங்கலுக்கு நான் வருவன். அதுவரைக்கும் நெருப்பைக் கிட்டக் கொண்டு போகாதே" என்றேன்.

"உங்களுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் மாமா?" என்று சிரித்தான்.

நியாயமான கேள்வி. ஆனால் நெருப்பில் காய்ச்சிய ஸ்பிரிங்கைப் பற்றி எனக்கு ஒரேயொரு விடயம் தெரியும். அதை அன்று நான் அவனுக்குச் சொல்லவில்லை.

*

தைப்பொங்கலுக்கு மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு எங்கள் குடும்பத்துக்கு நெடுங்காலம் பழக்கமான கராஜ்காரரிடம் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். எங்கள் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காரை இளவயதில் பழுது பார்த்தவர். கராஜை இப்போது அவருடைய மகன் நடத்துகிறார். இவர் வேப்பமரத்தின் கீழே கதிரை போட்டுக்கொண்டு ஆலோசனை மட்டும் சொல்கிறார்.

அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன். ஸ்பிரிங் என்பது வெறும் வளைந்த கம்பியல்ல. உருக்கைச் சூடாக்கி, குளிர வைத்து, மீண்டும் அளவோடு சூடேற்றி ஒரு பதத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பதம் இருப்பதனால்தான் அமுங்கிய பின் எழுந்து வருகிறது. சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். கார் பதியும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு பதியும், எப்போது நிற்கும் என்பதைச் செய்தவனாலும் சொல்ல முடியாது. இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் வேறு மாதிரியும் போகும். ஒருநாள் முறிந்தும் போகலாம்.

வெட்டுவது வேறு கதை. அளவோடு, கிறைண்டரில் வெட்டும் தட்டைப் போட்டுக் குளிரக் குளிர வெட்டினால் மீதி ஸ்பிரிங்கின் பதம் கெடாது. ஆனால் எல்லா ஸ்பிரிங்கையும் வெட்ட முடியாது. முனை உள்நோக்கிச் சுருண்டு சிறுத்திருந்தால் அந்த முனையில் கை வைக்கக்கூடாது. சாதாரணமாகச் சுற்றிக்கொண்டு வந்து முடிகிற முனையை மட்டுமே வெட்டலாம். வெட்டிய முனை கீழ்த் தட்டில் உள்ள படியில் சரியாகப் போய்ப் பொருந்தவும் வேண்டும்.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கார் தரையில் நிற்கும்போது ஒரு சுருளின் நடுவிலிருந்து அடுத்த சுருளின் நடுவுக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஒரு சுருளை எடுத்தால் ஏறத்தாழ அந்த அளவு கார் பதியும். மருமகனின் காரில் அது 40 மில்லிமீற்றர். ஆகவே அரைச் சுருளுக்கு 20 மில்லிமீற்றர், அதாவது முக்கால் அங்குலம்.

வெட்டும்போது ஸ்பிரிங் குட்டையாவது மட்டுமல்ல, இறுக்கமும் கூடுகிறது. வேலை செய்யும் சுருள்கள் ஆறு இருந்து, அதில் ஒன்றை எடுத்தால் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். சுருள்கள் குறையக் குறைய அதே பாரத்துக்குக் குறைவாகவே வளைந்து கொடுக்கும் என்பதே காரணம்.

"அரைச் சுருள் வெட்டு. ரெண்டு கிழமை ஓடு. பிறகு பார்ப்பம். வெட்டினதை ஒட்டேலாது தம்பி" என்றார் பெரியவர்.

*

அடுத்த சனிக்கிழமை வீட்டு முற்றத்திலேயே வேலை நடந்தது. கராஜ்காரரின் மகன் மேற்பார்வைக்கு வந்தார். செலவைக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவிக்கு ஒருநாள் வாடகை, கிறைண்டர் தட்டுகள் இரண்டு, வெட்டிய முனை துருப்பிடியாமல் பூசுவதற்கு ஒரு சிறிய பேணி பெயின்ற், மறுநாள் சில்லுகளின் நேர் பார்த்ததற்குக் கூலி, மேற்பார்வைக்கு வந்தவருக்குக் கையில் வைத்தது எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது.

இந்த வேலையில் உயிராபத்தான கட்டம் வெட்டுவதல்ல, கழற்றுவது. ஷொக் அப்சோபரின் மேல் நட்டைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கைக் கருவியால் இருபுறமும் சமமாக அமுக்கிப் பிடிக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் ஒன்று பிடி நழுவிப் புறப்பட்டால் எதிரில் நிற்பவனின் கதி என்னவாகும் என்பதை அந்த இளைஞர் சொன்ன விதத்தில், நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்ராண்ட் வைத்துத்தான் காரை நிறுத்தினார்கள். பூட்டிய பின் சில்லைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங் தன் இருக்கையில் தளராமல் நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தார்கள். அளவுக்கு மிஞ்சி வெட்டினால் சில்லு பள்ளத்தில் இறங்கும் வேளையில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடும் என்பதற்காகவே இந்தச் சோதனை.

சில்லுகளின் நேர் பார்ப்பதும் விடக்கூடாத செலவு. கார் பதியும்போது சில்லுகள் மேற்புறமாக உள்ளே சாயும். முன்சில்லுகளின் நேரும் மாறும். அப்படியே ஓடினால் சில மாதங்களில் ரயரின் உட்புறம் மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். வெளியில் பார்த்தால் ரயர் புதிது போல இருக்கும்.

மாலையில் கார் முக்கால் அங்குலம் பதிந்து நின்றது. மருமகன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இதுக்கா மாமா இவ்வளவு பாடு?" என்றான்.

நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கார் தரையோடு தரையாக நின்றது. நண்பர்களோடு சேர்ந்து பின் ஸ்பிரிங்குகளில் இன்னும் ஒவ்வொரு சுருள் வெட்டியிருக்கிறான். முன்புறத்திலும் ஏறத்தாழ அவ்வளவு. போதாததற்கு, ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது இரும்போடு இரும்பு மோதாமல் தாங்குகிற றப்பர் கட்டையிலும் பாதியைச் சீவிவிட்டார்கள். "ஸ்பிரிங் இப்ப இறுக்கம், மூன்றில் ஒரு பங்கு கூட. பாரம் ஏத்தினாலும் அவ்வளவு பதியாது" என்று விளக்கமும் எழுதியிருந்தான்.

கணக்கு பிழையில்லை. ஆறு சுருளில் ஒன்றரை போனால் இறுக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடத்தான் செய்யும். ஆனால் ரயர் மேலே எழுவதற்கு இருந்த இடைவெளி நாலு விரலிலிருந்து ஒரு விரலாகியிருந்தது. கூடியது மூன்றில் ஒன்று, குறைந்தது நான்கில் மூன்று. அவன் முதலாவதை மட்டும் கணக்கில் எடுத்தான்.

கண்டிக்க வேண்டிய மாமா என்ன செய்தேன் தெரியுமா? பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரம். "வடிவாத்தான் இருக்கு" என்று பதில் எழுதிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

*

மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில் பங்குனித் திங்கள் பொங்கல் விசேஷமானது. யாழ்ப்பாணத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் பானையும் அரிசியுமாகச் சனங்கள் அங்கே போவார்கள். தங்கைக்கு ஒரு நேர்த்தி இருந்தது. 2025 பங்குனியில் ஒரு திங்கட்கிழமைக்கு ஏற்றாற்போல் நானும் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன்.

காலையில் புறப்பட்டோம். மருமகன் ஓட்டினான். முன் ஆசனத்தில் தங்கையின் கணவர். பின்னால் தங்கை, நான், அயல்வீட்டு மாமி. டிக்கியில் பானை, அரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய்கள், விறகுக் கட்டு, கத்தரிக்காய், இரண்டு பெரிய கலன் தண்ணீர். எல்லாம் சேர்த்து நானூறு கிலோவுக்குக் குறையாது. அதிலும் பெரும்பகுதி பின்சில்லுகளின் மேலே.

ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும் மதகிலேயே அடியில் ஏதோ உரசியது. "அது ஒண்டுமில்லை" என்றான். காங்கேசன்துறை வீதி காபெற் வீதி. கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. நகரத்தைக் கடந்து ஏ9 வீதியில் செம்மணி வெளிக்கு வந்தபோது சிறு பள்ளமொன்றில் இறங்கியது. பின்னாலிருந்து, என் இருக்கைக்கு நேர் கீழே, கிர்ர்ர் என்றொரு சத்தம். ரயர் மட்காட்டின் விளிம்பில் உரசும் சத்தம். பிறகு ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அதே சத்தம். நாவற்குழியை அண்மித்தபோது றப்பர் கருகும் மணமும் வந்தது.

தங்கை முன் ஆசனத்தின் முதுகை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்க முடியவில்லை.

"நிப்பாட்டு தம்பி" என்றாள்.

"அம்மா, மெதுவாப் போனால் சரி..."

"நிப்பாட்டு."

இறங்கினாள். வெயிலில், வீதியோரத்தில், சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் பிடித்தபடி நின்றாள். "நீங்கள் போங்கோ. நான் பஸ்ஸில வாறன்" என்றாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. நானும் அவளும் பேருந்தில் சாவகச்சேரிக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் கோயிலுக்குச் சென்றோம். வழியில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தச் சத்தத்தை நாங்கள் இருவரும் முன்பு எங்கே கேட்டோம் என்பது இருவருக்கும் தெரியும்.

பொங்கல் நன்றாகவே நடந்தது. காரைப் பற்றி அம்மாவுக்குக் கோபம் என்றுதான் மருமகன் நினைத்துக்கொண்டிருந்தான்.

*

இனி முப்பது வருடங்களுக்கு முன் போக வேண்டும்.

அப்பாவின் சோமசெற் 1950 களின் முற்பகுதியில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 1200 சீசீ இயந்திரம். முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். 1990 இல் யுத்தம் மறுபடி மூண்டு பொருளாதாரத் தடை வந்த பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் இல்லை. இந்தப் பழைய கார்கள்தான் ஊரைச் சுமந்தன. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். புகையும் மணமுமாக ஓடும். ஆனால் ஓடும். மண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவைதான். அந்நாளில் காரைப் பதிக்க வேண்டுமென்று யாரும் ஆசைப்பட்டதில்லை. பட்டை ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைக் கூட்டிப் பூட்டி உயர்த்தத்தான் பார்த்தார்கள். ஏனென்றால் எந்த நேரத்தில் எவ்வளவு பாரம் ஏறும் என்று எவருக்கும் தெரியாது.

1995 ஆவணியில் எங்கள் காரின் இடது பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்தது. பாவித்த சோமசெற் பட்டையொன்று நகரத்தில் ஒருவரிடம் இருப்பதாக அறிந்து, அப்பா என்னிடம் காசு தந்து வாங்கிவரச் சொன்னார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பத்திரிகையில் சேர்ந்து சிறிது காலம். சம்பளம் சைக்கிள் ரியூப்புக்கே போதாது.

நான் அந்தப் பட்டையை வாங்கவில்லை. முறிந்து கழித்த வேறொரு வண்டியின் பட்டையைச் சொற்ப காசுக்கு எடுத்து, கொல்லர் ஒருவரிடம் கொடுத்து, உலையில் காய்ச்சி வளைத்து அளவாக்கச் சொன்னேன். அவர் நேர்மையான மனிதர். "தம்பி, சும்மா ஓடித்திரியப் போதும். பாரம் ஏத்தினால் படுத்துவிடும்" என்று சொல்லித்தான் தந்தார். மிஞ்சிய காசில் வானொலிக்கு நான்கு பற்றரி வாங்கினேன். பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். என்ன விலை விற்றது என்று அக்காலத்தில் அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். பி.பி.சி. தமிழோசை கேட்காமல் பத்திரிகை வேலை செய்வது எப்படி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்பாவிடம் சோமசெற் பட்டை என்றே சொன்னேன். அவர் நம்பினார்.

ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த இரவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நானும் செய்தியாகவும் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறேன். லட்சக்கணக்கான சனம், ஒரே வீதி, மழை. எங்கள் காரில் அப்பாச்சி, அம்மா, தங்கை, பக்கத்து வீட்டு வயோதிபத் தம்பதியினர், அவர்களது பேரப்பிள்ளை. அரிசி மூட்டை, ஒரு ட்ரங்குப் பெட்டி, தங்கையின் தையல் மெசின். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

தங்கை அப்போது ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து உழைத்துக்கொண்டிருந்தாள். மெசின் அவளுடைய உழைப்பில் வாங்கியது.

நாவற்குழியை அண்மிக்கும்போது இடது பின்புறம் படுத்தது. ரயர் மட்காட்டில் உரசத் தொடங்கியது. கிர்ர்ர் என்ற அதே சத்தம். மழையிலும் றப்பர் கருகும் மணம். அப்பா இறங்கி ரோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். நான் தந்த பட்டை வளைவெல்லாம் போய்த் தட்டையாகக் கிடந்தது. பின்னால் சனம் நெருக்கியது. பாரத்தைக் குறைக்காமல் ஓர் அடிகூடப் போக முடியாது. அப்பாச்சியால் நடக்க முடியாது. அயல்வீட்டு ஐயாவாலும் முடியாது. அரிசியை விட முடியாது. அம்மா இறங்கி நடந்தா. அதுவும் போதவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் நின்றார். தங்கை தானாகவே மெசினைத் தூக்கி இறக்கி, வீதியோரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சிறு கடையின் தாழ்வாரத்தில் வைத்தாள். மழை படாமல் தன் சாரிச் சேலையொன்றால் மூடினாள். பிறகு நடந்து வந்தாள்.

1996 இல் நாங்கள் திரும்பி வரும்போது அந்தத் தாழ்வாரமே இருக்கவில்லை.

*

பொங்கல் முடிந்து வந்த அன்று இரவு, விறாந்தையில் இருந்து இதை மருமகனுக்குச் சொன்னேன். கொல்லர் சொன்ன எச்சரிக்கையையும் நான்கு பற்றரியையும் சேர்த்துச் சொன்னேன். முப்பது வருடங்களில் முதன்முறையாக. அப்பா 2004 இல் காலமானார். அவருக்குச் சொல்ல எனக்கு ஒன்பது வருடங்கள் இருந்தன. சொல்லவில்லை. மற்றவர்களின் பொய்களை அம்பலப்படுத்துவதைத் தொழிலாகக் கொண்டவன் நான்.

தங்கை உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சு முடியும்போது பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, அண்டைக்குப் பட்டை நல்லதாய் இருந்திருந்தாலும் அவ்வளவு பாரத்துக்கு என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அப்பாச்சி வந்து சேர்ந்தா. அது காணும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அப்பாவிட்டச் சொல்லியிருக்கலாம். தான் பார்க்காமல் பூட்டிப் போட்டன் எண்டு அவர் கடைசி வரைக்கும் கவலைப்பட்டவர்" என்றாள்.

அது எனக்குத் தெரியாது.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை கொழும்பில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, பஞ்சிகாவத்தையில் கொரோலா 110 க்குப் பாவித்த ஸ்பிரிங் நான்கு பார்க்க முடியுமா என்று கேட்டான். வாகன உதிரிப்பாகங்களுக்கென்றே உள்ள அந்த வீதியில் ஒரு சனிக்கிழமை முழுவதும் நடந்தேன். நீளம் சமமான, துருவில்லாத, நெருப்புப் படாத நான்கை வாங்கி அனுப்பினேன். பணம் தருவதாகச் சொன்னான். முப்பது வருடங்களுக்கு முன் வாங்கியிருக்க வேண்டியது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

இந்த முறையும் அவன் அரைச் சுருள் வெட்டித்தான் பூட்டினான். ஆசையை முழுவதும் விடச் சொல்ல எனக்கு மனமில்லை. இருபத்தேழு வயதில் ஒருவன் தன் காரைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து ஓட விரும்புகிறான் என்றால் வீதியை அவன் நம்புகிறான் என்று அர்த்தம். எங்களுக்கு அந்த வயதில் அந்த நம்பிக்கை இருக்கவில்லை. றப்பர் கட்டைகளையும் புதிதாகப் போட்டான். முற்றத்தில் கார் நிற்கையில் பின் ரயருக்கு மேலே மூன்று விரல் போகும்.

வீட்டில் இந்த வேலை செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நெருப்பு வேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். றப்பர் கட்டையில் கை வைக்க வேண்டாம். சில்லுகளின் நேர் பார்க்கும் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு கேள்வி எழுந்தால் பதில் சொல்வது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் காரை அளக்காதீர்கள். கார் வெறுமையாக நிற்கும்போது எந்த அளவும் சரியாகத்தான் தெரியும்.

ஸ்பிரிங் பூட்டிய அன்று அவன் வீட்டிலுள்ள எல்லோரையும் காரில் ஏற்றி இருத்தினானாம். அயல்வீட்டு மாமியையும் கூப்பிட்டானாம். டிக்கியில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை. பிறகு தாயின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு நான்கு சில்லுகளுக்கும் மேலே உள்ள இடைவெளியை அளந்து எழுதியிருக்கிறான். அந்தத் தாளின் படத்தை எனக்கு அனுப்பினான். பின் இடது பக்கத்து எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் தங்கையின் கையெழுத்தில் "சரி" என்று இருந்தது.